வெட்டவெளியில் குளிர்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொளுத்தும் வெயிலில் வேலை பார்ப்பவர்களும் காத்திருப்பவர்களும் ஒதுங்கி நிற்க, ஏசி இல்லாத குளிர்ந்த இடங்களை அமைத்துத் தருவது எங்கள் தொழில். கூரை, காற்று, தண்ணீர், கொஞ்சம் சூரிய மின்சாரம், இவ்வளவுதான் எங்களிடம் உள்ள பொருள். கட்டட ஒப்பந்ததாரர்கள், பள்ளி நடத்துபவர்கள், இதே தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞர்கள் என்று பலர் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன, அவசரப்படாமல் படியுங்கள்.

வெட்டவெளியை எப்படிக் குளிர்விக்க முடியும்? வெளியே ஏசி போடுவது வீண் இல்லையா?

காற்றைக் குளிர்விப்பதுதான் திட்டம் என்றால் வீண்தான். ஒரு சின்னக் கணக்கு. 3 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரத்தில் ஒரு பேருந்து நிழற்குடை இருக்கிறது, அதன் வழியாக நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் காற்று போகிறது என்று வையுங்கள். இலைகூட சரியாக அசையாத மெல்லிய காற்று அது. அந்தக் காற்றை 10 டிகிரி குறைக்க ஏறக்குறைய 85 கிலோவாட் குளிர்த்திறன் வேண்டும், அதாவது ஒன்றரை டன் ஏசி பதினாறு. அத்தனையும் ஓடினாலும் குளிர்ந்த காற்று சில நொடிகளில் வெளியே போய்விடும், அந்த ஏசிகளின் பின்பக்கத்திலிருந்து வரும் அனல் அதே தெருவில் இறங்கும்.

கத்தாரில் 2022 உலகக் கோப்பைக்கு மைதானங்களைக் குளிர்வித்தார்களே என்று உடனே கேட்பார்கள். உண்மைதான், ஆனால் அங்கே வெளிக்காற்று உள்ளே புகாதபடி மைதானத்தின் வடிவத்தையே அமைத்து, இருக்கைகளுக்குக் கீழிருந்தும் ஆடுகளத்தின் ஓரங்களிலிருந்தும் குளிர்காற்றை விட்டு, அதைத் திரும்ப இழுத்துக் குளிர்வித்தார்கள். பொறியியல் வேலையாகப் பார்த்தால் மதிக்க வேண்டியது. சாலையோரத்தில் நான்கு பேர் நிற்கும் இடத்துக்கு அது வழி ஆகாது.

அப்படியானால் நீங்கள் எதைக் குளிர்விக்கிறீர்கள்?

ஆளை. எங்கள் தொழில் முழுக்க இந்த ஒரு முடிவிலிருந்துதான் வருகிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது, மண் வெட்டுபவர், மூட்டை சுமப்பவர் என்றால் 300, 400 வாட் வரை போகும். இந்த வெப்பம் தொடர்ந்து வெளியே போயாக வேண்டும். தோலின் வெப்பம் வெயிலில் 35 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், ஆகவே காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் காற்றின் வழியாக வெப்பம் வெளியேறுவதற்குப் பதில் உள்ளே வர ஆரம்பிக்கும். அதோடு நேர் வெயில், சூடான தரை, சூடான சுவர், தலைக்கு மேலே காயும் தகரம், இவையெல்லாம் கதிர்வீச்சாக உடம்பின் மேல் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கடைசியில் உடம்புக்கு மிஞ்சுகிற ஒரே வாசல் வியர்வை காய்வது. 1 லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 2.4 மெகாஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், அதுவே ஒரு மணி நேரத்தில் நடந்தால் 670 வாட். சொட்டிக் கீழே விழும் வியர்வைக்கு இந்தப் பலன் கிடையாது.

எங்கள் வேலை வரிசையும் இதிலிருந்தே வருகிறது. முதலில் உள்ளே வரும் கதிர்வீச்சை நிறுத்துவோம், அப்புறம் வியர்வை காயக் காற்றைக் கொடுப்போம், அதுவும் போதாத இடத்தில், அதுவும் காற்று வறண்டிருந்தால் மட்டும், தண்ணீரைக் கொண்டுவருவோம். நிறையப் பேர் கடைசிப் படியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். மொட்டை வெயிலில் மிஸ்ட் ஃபேன் (தண்ணீரை நுண்துளியாகத் தெளிக்கும் மின்விசிறி) வைக்கச் சொல்லிக் கேட்பவர்களிடம் முதலில் கூரையைப் பற்றித்தான் பேசுவேன்.

நிழல் தானே, ஒரு தகரக் கொட்டகை போதாதா?

போதாது. எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இது என்பேன், ஏனென்றால் வெயிலுக்குக் கட்டப்படும் கூரைகளில் பலவும் மெல்லிய ஒற்றைத் தகடுதான்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் விழுகிறது. தகடு அதை மறைக்கிறது, சரி, ஆனால் தானும் சூடாகிறது. மேலே வெளிக்காற்று 40 டிகிரி, தகட்டின் அடிப்பக்கம் 65 டிகிரி என்றால், காற்றின் அளவே சூடுள்ள ஒரு கூரையோடு ஒப்பிடும்போது ஒவ்வொரு சதுர மீட்டரும் கூடுதலாக 150 வாட்டுக்கு மேல் கீழே நிற்பவர் பக்கம் கதிர்வீசும். கண்ணுக்குத் தெரியாத அனல் அது, தலையிலும் தோளிலும் உறைக்கும். நிழலில் நின்றும் ஏன் இப்படி எரிகிறது என்று தொழிலாளர்கள் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

இரட்டைக் கூரை போட்டால் கதை மாறிவிடும். மேல் தகடு வெயிலை வாங்கட்டும், அதற்கும் கீழ்க் கூரைக்கும் நடுவே இரண்டு பக்கமும் திறந்த இடைவெளி இருக்கட்டும், சூடான காற்று அதன் வழியாகவே ஓடிவிடும். கீழ்க் கூரை காற்றின் வெப்பத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். வசதி இல்லாத இடத்தில் தகட்டுக்கு அடியில் மூங்கில் தட்டி, ஓலை, வெப்பம் கடத்தாத பலகை எதைக் கட்டினாலும் பலன் உண்டு. கூரையின் உயரமும் நீட்டமும் அதேபோல முக்கியம், சாயங்காலச் சூரியன் பக்கவாட்டில் வரும்போது மேற்குப் பக்கம் ஒரு தடுப்பு இல்லாவிட்டால் கூரையின் நிழல் யாரும் நிற்காத இடத்தில் விழும்.

வெள்ளை பெயிண்ட் அடித்தால் வெயிலிலேயே குளிரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, சில நிபந்தனைகளோடு. எந்தப் பரப்பும் அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதில் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களைக் காற்றுமண்டலம் அதிகம் தடுப்பதில்லை, நேராக விண்வெளிக்குப் போய்விடும். சூரிய ஒளியை முழுசாகத் திருப்பி அனுப்பி, இந்த அலைநீளத்தில் மட்டும் நன்றாக வெளியேற்றும் பரப்பு கிடைத்தால் பகலிலேயே சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்திருக்க முடியும். 2014இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமன், ஷான்ஹுய் ஃபான் குழுவினர் 97 சதவீதம் ஒளியைத் திருப்பும் ஒரு படலத்தைச் செய்து, நேர் வெயிலில் அது காற்றைவிடச் சுமார் 5 டிகிரி குளிர்ந்ததைக் காட்டினார்கள். 2021இல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேரியம் சல்பேட் சேர்த்த வெள்ளை பெயிண்ட் 98.1 சதவீதம் ஒளியைத் திருப்பியது.

கூரையின் மேல்பக்கத்துக்கு இது அருமையான வழி, மின்சாரமே வேண்டாம். ஆனால் மேகமும் ஈரமும் நிறைந்த வானத்தில் வெப்பம் விண்வெளிக்குப் போகும் அந்த வழி பாதி மூடிவிடும், தூசி படிந்தால் ஒளி திரும்புவது குறையும். கழுவ ஆள் ஏற முடியாத கூரைக்கு விலை உயர்ந்த படலம் போட வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுவோம்.

தரைக்கும் வெள்ளை அடிக்கலாமா?

ஆட்கள் நிற்கும், நடக்கும் இடத்தில் வேண்டாம். லாஸ் ஏஞ்சல்ஸில் ஒளியைத் திருப்பும் பூச்சு அடித்த சாலைகளில் அரியன் மிடல் என்ற ஆய்வாளரின் குழு அளந்து பார்த்தது. தரை குளிர்ந்திருந்தது, ஆனால் திரும்பிய ஒளி நடப்பவர் மேலேயே விழுந்ததால் மதிய நேரத்தில் அவர் உடம்புக்குப் போகும் கதிர்வீச்சு வெப்பம் சுமார் 4 டிகிரி கூடுதலாக இருந்தது. தரைக்கு நிழல் கொடுப்பதே நல்லது.

மரம் நட்டால் இதெல்லாம் தேவையே இல்லையே?

மரம் இருக்கும் இடத்தில் எங்களைக் கூப்பிட வேண்டாம், மனதாரச் சொல்கிறேன். இலைகள் நீராவி விடுவதால் தகடு மாதிரி காய்வதில்லை, அடுக்கடுக்காக இருப்பதால் மேல் இலையின் சூட்டைக் கீழ் இலை மறைக்கிறது, நாங்கள் இரட்டைக் கூரை போட்டுச் செய்வதை அது இயல்பாகவே செய்கிறது. ஆனால் இன்று நட்ட கன்று நிழல் தரப் பல வருடம் ஆகும், கட்டட வேலை நடக்கும் மனையிலும் லாரி நிறுத்துமிடத்திலும் மரத்துக்கு இடமே இருக்காது. எங்கள் கூரைகள் பெரும்பாலும் கழற்றி மாட்டக்கூடியவை. பக்கத்தில் கன்றையும் நட்டு, மரம் வளர்ந்த பிறகு கூரையை வேறு இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

ஃபேன் மட்டும் போதுமா?

ஓரளவு வெப்பம் வரை போதும், அதிலும் புழுக்கமான நாளில் வியர்வையைக் காயவைக்க ஃபேன் மாதிரி மலிவான உதவி வேறு இல்லை. காற்று மிகவும் சூடானால் வியர்வை எடுத்துச் செல்வதைவிட ஃபேன் கொண்டுவரும் அனல் அதிகமாகிவிடும். 2021இல் லான்செட் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, ஆரோக்கியமான இளையவர்களுக்கு 39 டிகிரி வரையும், 65 வயது தாண்டியவர்களுக்கு 38 வரையும், வியர்வையைக் குறைக்கும் சில மருந்துகளை எடுக்கும் முதியவர்களுக்கு 37 வரையும் ஃபேன் உதவும் என்று சொன்னது. அதற்கு மேல் போனால் தோலையும் உடுப்பையும் தண்ணீரால் நனைத்துக்கொண்டு ஃபேன் முன்னால் உட்காருவது நல்லது. நனைந்த தோலுக்கு வியர்வையை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

மிஸ்ட் தெளிப்பான், ஏர் கூலர் எல்லாம் எங்கே வேலை செய்யும்?

வறண்ட காற்றில். அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு எண் போதும்: ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் வைத்தால் அது காட்டும் அளவு. தண்ணீர் ஆவியாவதால் மட்டும் ஒரு காற்றை எதுவரை குளிர்விக்கலாம் என்பதன் எல்லை அது.

42 டிகிரி வெயில், ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் அளவு சுமார் 24. பதினெட்டு டிகிரி இடைவெளி கையில் இருக்கிறது, அதில் பாதி கிடைத்தாலே ஆள் பிழைத்துக்கொள்வார். அதே தெளிப்பானை 36 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள், ஈரக்குமிழ் அளவு 30. மிஞ்சிப்போனால் ஆறு டிகிரி, அதைப் பிடிக்கப்போய் காற்றில் இன்னும் ஈரத்தைச் சேர்த்து அங்கே நிற்பவரின் வியர்வை காய்வதையும் கெடுத்துவிடுவோம். அப்படிப்பட்ட இடங்களிலிருந்து வரும் மிஸ்ட் ஆர்டரை நாங்கள் எடுப்பதில்லை.

வறண்ட இடத்திலும் துளியின் அளவு சரியாக இருக்க வேண்டும். 70 பார் (காற்றுமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 70 மடங்கு) அழுத்தத்தில் நுண்ணிய நாசில், அதாவது தெளிப்பு முனை, வழியாக வரும் துளி சில பத்து மைக்ரோமீட்டர்தான், தரையைத் தொடுவதற்கு முன் காற்றிலேயே ஆவியாகிவிடும். குழாய் அழுத்தத்தில் ஓடும் மலிவான தெளிப்பான் பெரிய துளிகளைப் போடும், தரையும் சட்டையும் நனையும், வழுக்கும். மண்ணால் செய்த குழாய்களை அடுக்கி அவற்றின் மேல் தண்ணீரைக் கசியவிட்டு ஊடே காற்றை அனுப்பும் முறையும் இருக்கிறது. மண்பானை குளிர்வது மாதிரியேதான். நாசில் அடைப்புத் தொல்லை இல்லாதது அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

இதெல்லாம் புதிதும் அல்ல. 1992இல் ஸ்பெயினின் செவில்யா நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் மரம், பந்தல், தெளிப்பு, நீர்நிலை எல்லாம் சேர்த்து வெட்டவெளியைத் தாங்கக்கூடியதாக ஆக்கினார்கள். அதே நகரில் சமீபத்தில் செய்த கார்த்துஹா கனாத் திட்டத்தில் இரவில் குளிரவைத்த தண்ணீரை நிலத்தடியில் சேமித்து, பகலில் அதைக் கொண்டு காற்றைக் குளிர்விக்கிறார்கள். இரவின் குளிர்ச்சியைப் பகலுக்கு எடுத்து வைப்பது எங்களையும் ரொம்ப நாளாக இழுக்கிற யோசனை.

அப்போ கடலோரம் மாதிரி புழுக்கமான இடங்களுக்கு என்ன வழி?

கடினமான கேள்வி. அங்கே தண்ணீர் தெளிப்பு கைகொடுக்காது. நல்ல இரட்டைக் கூரையும் வேகமான காற்றும் முதல் வழி. அதற்கு மேல் போக வேண்டுமானால் கதிர்வீச்சுக் குளிர்ச்சி. குளிர்ந்த தண்ணீர் ஓடும் பலகை பக்கத்தில் இருந்தால் உடம்பின் வெப்பம் கதிராக அதை நோக்கிப் போகும், காற்று சூடாகவே இருந்தாலும் ஆளுக்குக் குளிரும். சிக்கல் என்னவென்றால் ஈரக்காற்றில் குளிர்ந்த பலகை மேல் தண்ணீர் கோத்துக்கொண்டு சொட்டும். சிங்கப்பூரில் அமைத்து, 2020இல் முடிவுகளை வெளியிட்ட 'கோல்டு டியூப்' என்ற கூடத்தில், அகச்சிவப்புக் கதிரை உள்ளே விடும் மெல்லிய படலத்தால் பலகைகளை மூடி ஈரக்காற்று தொடாமல் பார்த்துக்கொண்டார்கள். 30 டிகிரிக் காற்றிலும் உள்ளே இருந்தவர்களுக்கு இதமாக இருந்தது. தண்ணீரைக் குளிர்விக்க மின்சாரம் வேண்டும்தான், ஆனால் முழுக் காற்றையும் குளிர்விக்கும் செலவு இல்லை. புழுக்கமான நகரங்களுக்கு நான் அதிகம் நம்புவது இந்தப் பாதையைத்தான்.

குடிக்கவே தண்ணீர் இல்லாத இடத்தில் தண்ணீரைத் தெளிப்பது நியாயமா?

கேட்க வேண்டிய கேள்வி. நுண்ணிய நாசில் ஒன்று மணிக்கு 5 லிட்டர் அளவில் எடுக்கும். இருபது நாசில் என்றால் 100 லிட்டர். நாள் முழுக்க ஓடவிட்டால் ஒரு பெரிய தொட்டி காலி. ஆகவே ஆள் வந்தால் மட்டும் திறக்கும் சென்சார் வைக்கிறோம், ஈரப்பதம் ஒரு அளவைத் தாண்டினால் தானாக நிற்கும். தண்ணீரே லாரியில் வரும் இடம் என்றால் தெளிப்பு வேண்டாம், அந்தத் தண்ணீர் குடிக்கவும் துண்டை நனைத்துக் கழுத்தில் போடவும் போகட்டும். ஒரு லிட்டரில் ஆளுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி அப்படித்தான் அதிகம்.

மிஸ்ட் தண்ணீரால் நோய் வருமா?

பராமரிக்காவிட்டால் வரும். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான, தேங்கிய தண்ணீரில் பெருகும், நுண்துளியோடு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா உண்டாக்கும். வெயிலில் கிடக்கும் குழாயில் தண்ணீர் இரண்டு நாள் தேங்கினாலே சந்தேகப்பட வேண்டும். குடிநீர்த் தரம், வடிகட்டி, கிருமி நீக்கம், நிறுத்தியவுடன் குழாய் முழுக்க வடிந்துவிடும் அமைப்பு, இவை இல்லாமல் யார் விற்றாலும் வாங்காதீர்கள். கழிவுநீரை மறுசுழற்சி செய்து தெளிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கூடவே கூடாது.

மின்சாரம்?

ஒரு சதுர மீட்டர் சோலார் பேனல் நல்ல வெயிலில் சுமார் 200 வாட் தரும். சிக்கனமான பிஎல்டிசி (பிரஷ் இல்லாத நேர்மின் மோட்டார்) மின்விசிறிக்கு 30 முதல் 35 வாட் போதும், ஆகவே இரண்டு சதுர மீட்டர் பேனல் பத்து மின்விசிறியை ஓட்டும். வெயில் அதிகமாக இருக்கும்போதுதான் மின்சாரமும் அதிகம் கிடைக்கிறது, இவ்வளவு பொருத்தம் வேறு எந்தத் தொழிலில் அமையும்? ஒன்று மட்டும் கவனியுங்கள்: பேனலையே கூரையாக நேரடியாகப் போடாதீர்கள். அதன் அடிப்பக்கம் 60 டிகிரிக்கு மேல் காயும். கீழே இடைவெளி விட்டு இன்னொரு கூரை வேண்டும்.

இதைச் சூழலுக்கு நல்லது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

வெளியே அனலைத் தள்ளுவதில்லை, குளிர்வாயு இல்லை. பழைய ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால் சுமார் 2088 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம், ஆர்-32 என்றால் 675. குளிர்விப்பான் கட்டாயம் வேண்டிய இடத்தில் புரொபேன் வாயுவில் ஓடுவதைத்தான் பார்க்கிறோம், அதன் அளவு ஐந்துக்கும் கீழே. தீப்பிடிக்கும் வாயு என்பதால் பயிற்சி பெற்றவர்கள்தான் கை வைக்க வேண்டும்.

பலன் இருக்கிறதா இல்லையா என்று எப்படி அளக்கிறீர்கள்?

சாதாரண வெப்பமானியை நம்பாதீர்கள், வெயில் நேராகப் படாதபடி மறைத்து வைத்தால் வெயிலிலும் நல்ல நிழலிலும் அது கிட்டத்தட்ட ஒரே காற்று வெப்பத்தைத்தான் காட்டும். ஆளுக்குத் தெரியும் வித்தியாசம் கதிர்வீச்சில் இருக்கிறது, அதை அளக்கக் கருங்குமிழ் வெப்பமானி வேண்டும், கறுப்பு அடித்த உருண்டைக்குள் இருக்கும் வெப்பமானி அது. வெயிலில் வேலை பார்ப்பவர்களுக்கு உலகெங்கும் பயன்படும் டபிள்யூபிஜிடி (WBGT) என்ற வெப்ப அளவீடு மூன்று அளவுகளைச் சேர்க்கிறது: ஈரக்குமிழ் 0.7 பங்கு, கருங்குமிழ் 0.2 பங்கு, காற்று 0.1 பங்கு. ஈரத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் அமைப்பை வைப்பதற்கு முன்னும் பின்னும் இதை அளந்து எழுதிக் கொடுக்கிறோம். யாரிடம் வாங்கினாலும் இந்த எண்ணைக் கேளுங்கள்.

குளிர் அங்கிகள் நல்லதா?

குறுகிய நேர வேலைக்கு நல்லது. அங்கியின் பைகளில் வைக்கும் உறைந்த பொருள் உருகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், இரண்டு கிலோ பொருள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். அப்புறம் அது சும்மா இரண்டு கிலோ சுமை. மாற்றி மாற்றிக் குளிரவைக்க ஏற்பாடு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

உங்கள் கூரைக்குக் கீழே இருந்தால் வெப்பத்தாக்கு வராது என்று சொல்லலாமா?

சொல்ல மாட்டோம். ஈரக்குமிழ் வெப்பநிலை 35 என்பது மனித உடம்பின் எல்லை என்று முன்பு கருதினார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்களுக்கே சுமார் 31இல் உடம்பின் சூடு கட்டுக்கு அடங்காமல் ஏற ஆரம்பித்தது. அப்படிப்பட்ட நாளில் வேலையை நிறுத்துவதுதான் தீர்வு, எந்தக் கூரையும் அதற்கு ஈடு இல்லை. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு வாரம் வேண்டும், முதல் சில நாட்களில்தான் ஆபத்து அதிகம்.

யாராவது உளற ஆரம்பித்தாலோ, தடுமாறி விழுந்தாலோ உடனே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் காற்று வீசுங்கள், தொட்டி இருந்தால் தலை மட்டும் வெளியே இருக்கும்படி பிடித்து அமிழ்த்துங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பார்கள்?

தொழிலின் உண்மையான முடிச்சு இதுதான். பேருந்துக்குக் காத்திருப்பவருக்குத்தான் பலன், ஆனால் அவர் வாங்குபவர் அல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) 2024 அறிக்கைப்படி வருடத்துக்கு 241 கோடித் தொழிலாளர்கள் வேலையிடத்தில் கடும் வெப்பத்தில் சிக்குகிறார்கள். தேவை இவ்வளவு பெரிது, கையில் காசோடு வருபவர் மிகக் குறைவு.

எங்களுக்கு முதலில் வழி திறந்தது வேலையிடங்களில்தான். வெயிலால் ஆட்கள் சோர்ந்து போனால் வேலை தாமதமாகும் என்பது ஒப்பந்ததாரருக்குத் தெரியும், ஓய்வு நேரத்தில் உடம்பு நன்றாக ஆறினால் அடுத்த சுற்று வேலை பாதுகாப்பாக நடக்கும் என்பதை அவரிடம் எண்களோடு பேசலாம். உள்ளாட்சி அமைப்புகள் வாங்குகின்றன, ஆனால் திறப்பு விழாவுக்குப் பணம் கிடைக்கிற மாதிரி பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை. நாசில் அடைத்து, ஃபில்டர் மாற்ற ஆளில்லாமல் நிற்கும் தெளிப்பானைவிடச் சும்மா ஒரு கூரை எவ்வளவோ மேல். அதனால் நாங்கள் பெரும்பாலும் விற்பதில்லை, மாத வாடகைக்குக் கொடுக்கிறோம், கழுவுவதும் பழுது பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. ஓடாத நாளுக்கு வாடகை கிடையாது. இப்படி வைத்தால்தான் கெடாத பொருளைச் செய்யும் அக்கறை எங்களுக்கே வரும்.

நானும் இதில் இறங்க விரும்புகிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரு கருங்குமிழ் வெப்பமானியும் ஈரப்பதமானியும் வாங்குங்கள். நீங்கள் குளிர்விக்க நினைக்கும் இடத்தில் கோடை முழுக்க அளந்து எழுதுங்கள், முக்கியமாகப் பகல் பன்னிரண்டிலிருந்து ஐந்து வரை. யார் எங்கே நிற்கிறார்கள், எந்த நேரத்தில் எந்த மூலைக்கு நகர்கிறார்கள் என்று பாருங்கள், பெண்கள் ஒதுங்க இடமும் கழிப்பறையும் பக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பார்கள், அங்கே எந்தக் குளிர்விப்பானும் அரைகுறைதான். அப்புறம் ஒரு இரட்டைக் கூரையை மட்டும் கட்டி மறுபடி அளங்கள். பம்ப் வாங்குவதா வேண்டாமா என்பது அந்த எண்களைப் பார்த்த பிறகு முடிவு செய்ய வேண்டியது.